தண்ணி ப்ளேன் நின்றுபோன மழைக்காலம்

மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் லைனை ஒட்டிய நம் சந்தில் வளர்ந்தவர்களில் இன்னும் யார் யார் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டீர்கள். தங்கிவிட்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறோம். வெள்ளிக்கிழமை கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேச இப்போது ஒருத்திதான் மிச்சம். அவளுக்கும் காது கேட்பதில்லை. என் பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்வார்கள். பேரப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியே புரியாது. அதனால் இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இருந்தால் படியுங்கள்.

நம் ஆற்றில் ஏரோப்ளேன் வந்து இறங்கும் என்று போன மாதம் பேத்தியிடம் சொன்னேன். லைங் தாயாவில் தையல் ஃபேக்டரிக்குப் போகிறவள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் தலையைக்கூடத் திருப்பாமல், "கனவு கண்டீங்களா?" என்று பர்மியத்தில் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

கனவில்லை. உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணி ப்ளேன் என்போம். சக்கரம் கிடையாது, வயிறு கப்பல் மாதிரி இருக்கும். ஜப்பான்காரன் போன பிறகு சில வருஷம், கல்கத்தாவிலிருந்து வந்து, பசுண்டாங் ஓடை ஆற்றில் சேர்கிற இடத்துக்குக் கீழே இறங்கும். மறுநாள் கிழக்கே சீனத்துப் பக்கம் போகும். திரும்பி வரும்போதும் இங்கே தங்கும். அதில் வந்தவர்களைக் கரை சேர்க்கிற லாஞ்சுக்குச் சுக்கான் பிடிக்கிற சுக்கானி என் அப்பாதான்.

ப்ளேன் வருகிற நாளில் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அம்மா கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுப்பாள். நான் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். லாஞ்சில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பர்மியர். அப்பா அவரைக் கோஜீ என்று கூப்பிடுவார். அண்ணன் என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் வீடு ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டேயில். மண் சட்டி செய்கிற குடும்பம். துறைமுகத்தில் கிடந்து பழகியதால் நம் தமிழை நன்றாகவே பேசுவார்.

ப்ளேன் இறங்குவதற்கு முன்னால் ஆற்றைப் பெருக்க வேண்டும். ஆமாம், அப்பா அப்படித்தான் சொல்வார். மிதக்கிற கட்டை, ஆகாயத்தாமரைக் கூட்டம், குறுக்கே வருகிற சம்பான் படகு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சிவப்புக் கொடியை ஏற்றி, லாஞ்சை ஓரமாக நிறுத்திக்கொள்வார்கள்.

"ஒரு மூங்கில் துண்டு போதும்மா. அதோட வகுறு கிழிஞ்சிரும். அம்புட்டுப் பேரு உசிரும் நம்ம கையிலதான் இருக்கு" என்பார்.

முதலில் சத்தம் மட்டும் வரும். அப்புறம் சிரியம் பக்கத்து மேகத்துக்குள்ளிருந்து தாழ்ந்து, தாழ்ந்து, ஆற்றைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளைச் சுவராக எழும்பும். அந்தச் சுவர் விழுந்ததும் பார்த்தால், அத்தனை பெரிய உருவம் ஒன்றுமே நடக்காததுபோல வாத்து மாதிரி அசைந்துகொண்டிருக்கும். நாங்கள் பக்கத்தில் போவோம். கதவு திறந்ததும் சுருட்டு, காபி, தோல், பெட்ரோல் எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். தொப்பி வைத்த பெண்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு லாஞ்சில் கால் வைப்பார்கள். காதிலிருந்து பஞ்சை எடுத்து ஆற்றில் போடுவார்கள். எஞ்சின் இரைச்சலுக்காக ஏறும்போதே அவர்களுக்குப் பஞ்சு கொடுப்பார்களாம். லாஞ்சில் விழுந்த பஞ்சை நான் பொறுக்கிக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சென்ட் மணக்கும்.

அம்மாவுக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்கு ஞாபகம் இல்லை. தட்டும் டம்ளரும் தனியாக வைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது. நான் அவள் பாயில் படுக்கக் கூடாது என்றார்கள். நடுவில் ஒரு பழைய லுங்கியைத் திரையாகக் கட்டினார்கள். அம்மா அந்தத் திரைக்குக் கீழே கையை நீட்டுவாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன். விடிவதற்கு முன் அவளே கையை உருவிக்கொள்வாள், அப்பா பார்த்துவிடாமல்.

டாக்டர் ஒரு வங்காளி. இது வெறும் நெஞ்சுச் சளி இல்லை, காசநோய் என்றார். புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, இங்கே கிடைப்பது குதிரைக்கொம்பு, கல்கத்தாவில் கிடைக்கும், நிறுத்தாமல் மாதக் கணக்கில் போட வேண்டும் என்றார்.

என் மாமா, அம்மாவின் அண்ணன், ரயில்வேயில் வேலை பார்த்தார். அன்றைக்கே வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சியக் கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிர்றேன் மாப்ள. ஊர்ல மலைப் பக்கம் இதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு. இப்பக் கடல் நல்லாருக்கு. மழைக்கு முன்னால போயிரலாம்."

"கப்பல்ல டெக்குல படுத்துக்கிட்டா? போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் இளைச்சுருவா" என்றார் அப்பா. "மருந்துதான வேணும்? மருந்து இங்க வரும் மச்சான். நம்ம ப்ளேன்ல வரும்."

"யாரு கொண்டாருவா?"

"ஆள் இருக்கு."

இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இப்போது எண்பதுக்கு மேலாகிறது. பிள்ளைகளுக்காகவும் வீட்டுக்காரருக்காகவும் எத்தனையோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறேன். அந்தச் சாயங்காலத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தத் திரையை விலக்கி, "நீ என்னம்மா சொல்ற?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது.

அப்பா சொன்ன ஆள், ப்ளேனில் சாப்பாடு பரிமாறுகிற சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர். பெரம்பூர்ப் பக்கம் பிறந்தவர். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அவருடைய அம்மாவுக்கும் இதே நோயாம். "சுக்கானி, நான் கொண்டு வரும். பயம் வேணாம்" என்றார்.

சொன்னபடி கொண்டு வந்தார். அடுத்த தடவை கதவு திறந்ததும் முதலில் இறங்கியது ஒரு பெண்ணோ துரையோ இல்லை, அவர் கையிலிருந்த சின்ன அட்டைப்பெட்டிதான். கோஜீ அதை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில், எஞ்சின் சூடு படாத இடத்தில் வைத்தார்.

கம்பவுண்டர் தினமும் வந்து ஊசி போட்டார். சில வாரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஒரு காலையில் நான் எழுந்தபோது திரை கழற்றப்பட்டிருந்தது. அம்மா தனக்கா கட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா தெருமுனையில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா வாங்கி வந்து, சட்டியோடு அவள் முன்னால் வைத்துவிட்டு, சும்மா நின்றார்.

அந்தச் சமயம் நகரத்துக்கு வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. குண்டுச் சத்தம் நம் சந்துக்கே கேட்கும். மிங்கலடோன் விமான நிலையத்துக்குப் போகிற ரோடு சில நாள் திறந்திருக்கும், சில நாள் அடைத்துவிடுவார்கள். ரயிலும் ஓடவில்லை. ஆறு மட்டும்தான் திறந்திருந்தது. "பாத்தியா மச்சான்? ரோட்டை அடைக்கலாம், ஆத்தை எவன் அடைப்பான்?" என்று அப்பா மாமாவிடம் சொன்னார். அந்த ஒரு மாதம் அப்பா சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் எங்களுக்குக் கேடாக முடிந்தது.

அம்மா நடமாட ஆரம்பித்ததும் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. ப்ளேன் வந்து பயணிகள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, எங்கள் இரண்டு பேரையும் லாஞ்சில் ஏற்றிக்கொண்டு போனார். சட்டைக்காரர் கை கொடுத்து அம்மாவை உள்ளே ஏற்றினார். அப்பா லாஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

உள்ளே கம்பளம் விரித்திருந்தது. கால் வைக்கவே அம்மா கூசினாள். எதிரும் புதிருமாக நாற்காலிகள், நடுவில் மேஜை. ஜன்னலுக்குச் சின்னத் திரை. ஆற்றுத் தண்ணீர் ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. அம்மா ஓரச் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் சாய்ந்தாள். இரண்டு கையையும் நாற்காலியின் கைகளில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் கை வைத்த நாற்காலி கிடையாது.

"இது மெட்ராசுக்குப் போவுமா?" என்று கேட்டாள்.

"கல்கட்டா வரைக்கும் போகும் அம்மா. அங்கே ரயில் பிடிச்சா மெட்ராஸ்" என்றார் சட்டைக்காரர்.

அம்மா ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தாள். கதவுப் பக்கம் வந்து, "இதுல என்னைய ஏத்தி அனுப்பிவிட்ருங்களேன்" என்றாள்.

அப்பா சிரித்தார். கோஜீயிடம் திருப்பிச் சொல்லி மறுபடியும் சிரித்தார். "துரைசானி மாதிரி கேக்குறா பாரு!" கோஜீ சிரிக்கவில்லை. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாஞ்சில் இறங்கினாள். கரைக்கு வரும்வரை அவள் யாரையும் பார்க்கவில்லை.

முதல் மழையோடு ப்ளேன் நின்றது.

வர வேண்டிய நாளில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு போனார். ஆற்றைப் பெருக்கினார்கள். கொடி ஏற்றினார்கள். வரவில்லை. கம்பெனி ஆபீசில் இருந்த அதிகாரி, "மழை, அடுத்த வாரம் வரும்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது பெட்டியில் ஊசி மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர், "நடுவில் விடாதீர்கள், விட்டால் பிடிக்க முடியாது" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஊரெல்லாம் தேடி ஒரு சீனர் கடையில் கொஞ்சம் கிடைத்தது. அது கலப்படமோ என்னவோ, காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது. திரையை மறுபடி கட்டினார்கள்.

ஒரு மத்தியானம் கொட்டுகிற மழையில் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"ப்ளேன் சத்தம் கேக்குது" என்றாள்.

அப்பா காதைத் தீட்டினார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்தான். "எந்தப் பக்கம்?"

"நல்லாக் கேக்குதுங்க. கிட்ட வந்துருச்சு."

அப்பா சட்டைகூடப் போடவில்லை. அப்படியே ஓடினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். தண்டவாளத்தைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில், விழுந்து எழுந்து ஓடினார். சாயங்காலம் இரண்டு முழங்காலும் சிராய்ந்து திரும்பி வந்தார். "மேகம்ல, எறங்க முடியாமத் திரும்பிருக்கும்" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். மறுநாளும் அம்மாவுக்குச் சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. அப்பா ஒவ்வொரு தடவையும் போனார்.

அந்த ஊசி காதைத் தாக்கும், இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று பல வருஷம் கழித்து ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னாள். அந்த மழைக்காலத்தில் அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாமாதான் செய்தியைக் கொண்டு வந்தார். அந்தக் கம்பெனி இனிமேல் சக்கரம் வைத்த ப்ளேன்தான் விடுகிறதாம். சண்டை ஓய்ந்து ரோடு திறந்ததும் மிங்கலடோனில் இறங்க ஆரம்பித்துவிட்டதாம்.

"அது வேற கம்பெனியா இருக்கும்" என்றார் அப்பா.

"உங்க கம்பெனிதான் மாப்ள. நான் கண்ணால பாத்தேன்."

"அப்ப எங்கிட்டச் சொல்லிருப்பாங்கள்ல? நாந்தான அவங்க சுக்கானி!"

அப்பா வாசலில் நின்ற கோஜீயைப் பார்த்தார். கோஜீ தலையைக் குனிந்துகொண்டு, "லாஞ்சை வெலை பேசிட்டாங்க சுக்கானி. நேத்து ஆளு வந்து பாத்துட்டுப் போனான். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

மாமா மறுபடியும் மிங்கலடோன் போய் விசாரித்தார். சட்டைக்காரர் இரண்டு தடவை அங்கே வந்து இறங்கியிருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்களிடமெல்லாம், "லாஞ்ச் சுக்கானி எங்கே?" என்று கேட்டிருக்கிறார். ஏரோட்ரோமில் லாஞ்சுக்காரனைத் தேடுகிறாரே என்று சிரித்திருக்கிறார்கள். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அந்த இரண்டு நாளும் கொடியோடு ஆற்றில் நின்றிருந்தார்.

அதன் பிறகுதான் அப்பா கப்பலுக்குச் சம்மதித்தார். மாமா கூடப் போவதாக ஏற்பாடு. நான் அப்பாவோடு தங்க வேண்டும். புறப்படுகிற அன்று அம்மாவுக்குக் கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டார்கள். வெளிறிப்போனது தெரியாமலிருக்கக் கன்னம் முழுக்கத் தனக்கா பூசினார்கள். "ஏறுற வரைக்கும் இருமாத" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார்.

கப்பலடியில் பெரிய வரிசை. ஏணிக்கு முன்னால் துறைமுக டாக்டர் ஒருவர் எல்லோரையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். இளவயசுக்காரர். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். இருமலை அடக்க அடக்க அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம்தான் இருந்தது. அவர்கள் ஏறிவிட்டார்கள். டாக்டர் அம்மாவைப் பார்த்து, "பேர் என்ன?" என்று கேட்டார். பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. முந்தானையில் சிவப்பு.

அப்பா தனக்குத் தெரிந்த லாஞ்சு இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். கம்பெனிப் பேரைச் சொன்னார். தான் எத்தனை துரைமார்களைக் கரை சேர்த்தவர் என்று சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. "டெக்கில் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் திரும்பும்போது அம்மா சொன்னாள்: "நல்லதாப் போச்சு. கப்பல்ல செத்தாத் தண்ணியில போட்ருவாங்களாம்." அப்பா குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முழுக்க நனைந்தபடி நடந்து வந்தார்.

மழை விடுவதற்கு முன் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்து சில நாளில் மாமா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். சட்டைக்காரர் மூன்றாவது தடவையும் கொண்டு வந்து, இந்தத் தடவை மாமா சொல்லி வைத்திருந்த ஒரு மூட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பா அதைத் திறக்கவில்லை. பக்கத்தில் கோஜீ உட்கார்ந்திருந்தார். காரியத்துக்கு வந்தவர், த்வாண்டேக்குத் திரும்பாமல் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததை மாமா கவனித்தார்.

"என்ன கோஜீ?"

"ஒண்ணுமில்ல."

கேட்டுக்கேட்டுத்தான் வெளியே வந்தது. அவருடைய மகளுக்கும் அதே நோய். என் வயசுதான். போன வருஷத்திலிருந்தே இருமலாம். அம்மாவுக்கு வந்த ஒவ்வொரு பெட்டியையும் ப்ளேனிலிருந்து வாங்கி, சூடு படாமல் வைத்து, எங்கள் வீடு வரை கொண்டு வந்து கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன்யா சொல்லல?" என்று அப்பா கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீங்க பாதி குடுத்துருப்பீங்க சுக்கானி" என்றார் கோஜீ. "பாதி போட்டா ரெண்டு பேருக்கும் பத்தாது. நடுவுல விட்டாப் பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரே."

அப்பா பெட்டியை அவர் மடியில் வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து மிங்கலடோனுக்கு அப்பாவே நடையாக நடந்து, மூட்டைக்காரர்களோடு நின்று, வந்த பெட்டிகளையெல்லாம் வாங்கி த்வாண்டேக்கு அனுப்பினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஒரு காது மட்டும் போய்விட்டது. அப்பா பிறகு டலா படகுத்துறையில் வேலை பார்த்தார். உங்களில் பாதிப் பேர் கப்பலேறிய வருஷத்தில் அவரையும் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் துறைமுகம் வரைகூட வரவில்லை.

அந்தப் பெண் இன்னும் இருக்கிறாள். சட்டி சுடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்று, பேரன்களைப் பார்த்துவிட்டாள். பேரன்கள் பட்டாளத்துக்குப் பயந்து எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். இப்போது மூச்சு வாங்குகிறது. அவளுக்கு வேண்டிய மருந்து அங்கே கிடைப்பதில்லை. இங்கே கிடைத்தாலும் வழியில் மறித்து மறித்துச் சோதனை போடுகிறார்கள். கிடைக்கிறபோது நான் வாங்கிக்கொண்டு போகிறேன். இத்தனை வருஷமாக அவளைப் பார்க்கப் போகிறேன். அவள் கதவைத் திறந்து சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், அவள் தலைமுடியைப் பிடித்து ஆட்ட வேண்டும் போலவும் இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன தடவை அவள் பர்மியத்தில் கேட்டாள்: "உன் அம்மா எப்படி இருப்பாங்க? அவங்க மருந்துலதான் இத்தனை காலம் ஓட்டிட்டேன். ஒரு போட்டோகூடப் பாத்ததில்லையே."

போட்டோ எதுவும் கிடையாது. நல்ல காதுப் பக்கம் போய் உட்கார்ந்து சொன்னேன். அகல நெற்றி, புருவம் கொஞ்சம் மேலே தூக்கினாற்போல, சிரித்தால் இடது கன்னம் மட்டும் குழியும் என்று நிதானமாக, விட்டுப்போகாமல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். கும்பிட்டாள்.

திரும்பி வருகிற படகில், பாதி ஆற்றில்தான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது அம்மாவின் முகம் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அவள் முகத்தைத்தான் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கரை வரும்வரை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.